பிரேக்கில் பிடித்த கரண்ட்

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் ரேடியோ "வணக்கம்" என்றது. செய்தி சொல்ல முதலே மூச்சை விட்டுவிட்டது. முற்றம் நிறைய எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கிற சனம். பிள்ளையார் கோயிலில் பூசை மணி வேறு...

உங்களுக்கும் தெரிந்த பாடுதானே. கரண்ட் இல்லாத ஊரில் சைக்கிளைக் கவிழ்த்து, கையால் பெடலைச் சுற்றினால்தான் டைனமோ கரண்டில் ரேடியோ பேசும். செய்தி கேட்க வருகிறவர்களுக்கு இருக்க வாங்கு, குடிக்கத் தேத்தண்ணி. சுற்றுவது நான். முடித்துக்கொண்டு ஓடினால் கோயில் கதவு பூட்டியிருக்கும். பூசை கண்டு எவ்வளவு காலம்!

கோப்பாயிலிருந்து மருதனார்மடம் சந்தைக்கு வெங்காய மூட்டையோடு மிதிக்கிற உடம்பு இது. அலுப்பில்தான் அந்த யோசனை வந்தது. பிரேக் பிடிக்கும்போது வீணாகிற வேகத்தைச் சேர்த்து வைத்தால் என்ன?

டைனமோவைப் பிரேக் கம்பியில் தொடுத்தேன். பிரேக்கை அழுத்தினால் அது டயரில் ஒட்டும். கரண்ட் ஒரு டயோட் வழியாகப் பழைய மோட்டார் சைக்கிள் பற்றரிக்குள் போகும். பின்னேரம் பற்றரி ரேடியோவைப் பார்க்கும், நான் பிள்ளையாரைப் பார்ப்பேன். பற்றரிக்குத் திருநீறும் பூசினேன்.

பக்கத்து வீட்டுச் செல்லத்துரை அண்ணை படலையடியில் நின்று பார்த்தார்.

"எல்லாம் சரி தம்பி. ரோட்டு ஒரே சமதரையாக் கிடக்கு. நீ எங்கை பிரேக் பிடிக்கப் போறாய்?"

எனக்கு ஏன் இது தோன்றவில்லை? ஆனாலும் விடவில்லை. வேகமாய் மிதிப்பேன், பிடிப்பேன். திரும்ப மிதிப்பேன், பிடிப்பேன். ஒரு கிழமை இதே வேலை.

"நிக்கிறதுக்கெண்டே ஓடுற மனுசனை இப்பதான் பாக்கிறன்," என்றாள் மனைவி, என் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி.

அந்தப் பற்றரிதான் வெள்ளிக்கிழமை கைவிட்டது. திரும்பவும் சைக்கிளைக் கவிழ்த்தேன். மனைவி குறுக்கே வந்து, வாங்கில் இருந்த செல்லத்துரை அண்ணையைப் பார்த்தாள்.

"அண்ணை, இண்டைக்கு நீங்கள் சுத்துங்கோ. இவர் கோயிலுக்குப் போகட்டும்."

எனக்குக் கூசிவிட்டது. வீடு தேடி வந்த மனிதரிடம் வேலை வாங்குவதா?

அண்ணை சாரத்தை மடித்துக் கட்டினார். "ஓம் தங்கச்சி. நான் எப்பவோ சுத்தியிருப்பன். தொட்டால் உவன் கோவிப்பானெண்டெல்லோ இருந்தனான்."

கேட்கக் கூசியே நாம் படுகிற பாடு... கொஞ்சமா?

தீபாராதனைக்குப் போய்ச் சேர்ந்தேன். அலுக்காத கைகளைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டேன்.

அப்பனே, கேட்க வாயைத் தந்தாய் — நான் பிரேக் கம்பியோடு மல்லுக்கட்டினேன்.