வீட்டுக்குள் புதைத்த பிள்ளை

ஹூஸ்டனில் பத்ருன்னிசா பார்த்த வேலைக்கு நாலு வருஷமாக யாரும் சம்பளம் கொடுத்ததில்லை, கொடுக்கவும் கூடாது. புருஷனோடு ஒட்டிக்கொண்டு வந்தவளுக்கு விசாவில் வேலைக்கு அனுமதி இல்லையாம். நல்ல சட்டம்! எம்.எஸ்ஸி.யில் முதல் வகுப்பு வாங்கியவள், ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பல் தேய்க்கிற பிரஷ்ஷால் பானை ஓடு கழுவினாள். வீட்டில் தனியாகக் கிடந்தால் இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று, அங்கே பதிவேடு பார்க்கும் புஷ்பவல்லி ஆன்ட்டிதான் கையோடு கூட்டிப் போனார்.

ஓடுகள் எண்ணூறு வருஷத்துக்கு முந்தியவை. மிசிசிப்பி ஆற்றங்கரைகளில் மண்மேடு எழுப்பி ஊர் கட்டிய சனங்களுடையவை. மாடு கிடையாது, வண்டி கிடையாது. கூடை கூடையாகச் சுமந்து கொட்டியே மலை மாதிரி மேடு போட்டிருக்கிறார்கள். மேலே தலைவன் வீடு. கீழே இருந்தவர்கள் மக்காச்சோளம் விதைத்தார்கள், சாம்பல் தண்ணீரில் வேகவைத்து இடித்தார்கள், அடுப்பில் பானை வெடிக்காமலிருக்கக் கிளிஞ்சலைப் பொடித்துக் களிமண்ணில் பிசைந்தார்கள். மேட்டுக்காரனைப் பற்றிப் பத்ருவுக்கு ஒரு அக்கறையும் இல்லை. அடிப்பிடித்த கரி ஒட்டிய ஓடு கையில் வந்தால் மட்டும், எவளோ ஒருத்தி கூழைக் கிளறாமல் வாயடித்துக்கொண்டிருந்திருக்கிறாள், மாமியாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள் என்று சிரித்துக்கொள்வாள்.

2009 ஜனவரியில் ஒருநாள், பஞ்சு சுற்றிய சின்னக் கிண்ணம் ஒன்று மேஜையில் இருந்தது. பத்ரு கையை நீட்டினாள்.

“அதத் தொடாதம்மா. ஒரு பேபியோட வெச்சுப் பொதைச்சது. எலும்பையெல்லாம் அவங்க வம்சத்துக்காரங்க வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க, மறுபடி அடக்கம் பண்ண. இதுவும் ரிட்டர்ன் போகுது” என்றார் ஆன்ட்டி.

“எங்கேருந்து எடுத்தாங்க ஆன்ட்டி? மையவாடியிலேருந்தா?”

“இல்ல, வீட்டுக்குள்ள. பச்சக் கொழந்த செத்துட்டா தரைக்குக் கீழயே பொதைப்பாங்க. மேல அம்மா சமைப்பா, தூங்குவா. வீடு மக்கிப்போனா அதே எடத்துல புது வீடு. இங்க பாரு, எழுதியிருக்கு, அடுப்புலேருந்து நாலடி.”

பத்ரு எழுந்து வெளியே போய்விட்டாள். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒருத்தியின் மேல் அப்படி ஒரு பொறாமை வந்தது அவளுக்கு.

அவளுக்கும் ஒரு பிள்ளை பிறந்தது, ஆதிஃப். 2006இல் இரண்டே நாள் இருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து ஆண்கள் அடக்கம் செய்யத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் ஊரான அதிராம்பட்டினத்தில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. இங்கே போகலாம் என்று சிலர் சொன்னபோது புருஷன் சிராஜ் வேண்டாமென்றான். அவன் மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் தொழுகை முடிந்து போவான். “பாத்துட்டு வந்தேன், புல்லு நல்லா மொளச்சிருக்கு” என்பான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த வெள்ளிவரை அவள் உயிரோடு இருந்தாள்.

கிண்ணத்தைப் பார்த்த அதே மாதம் சிராஜுக்கு வேலை போனது; வேலையோடு விசாவும் போனது. பத்தே நாளில் ஊருக்கு டிக்கெட்.

“மச்சான், புள்ளையப் பாக்காம நான் ஃப்ளைட் ஏற மாட்டேன்.”

பேக்கிங் இருக்கிறது என்றான். மழை என்றான். காரை விற்றாயிற்று என்றான்.

“கார நாளைக்குத்தானே குடுக்கணும்? எந்திரிங்க.”

ஃப்ரீவேயில் நாற்பது நிமிஷம். ஊருக்கு வெளியே வேலி போட்ட வயல் மாதிரி மையவாடி, அதன் ஓரத்தில் பிள்ளைகளுக்கென்று ஒரு வரிசை. சிராஜ் விறுவிறுவென்று நடந்துபோய், “இதுதான்” என்றான். அவள் குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் ஏந்தினாள். வாயைத் திறப்பதற்குள், “இல்ல, அந்தப் பக்கமோ?” என்றான்.

பத்ரு நிமிர்ந்து பார்த்தாள். “கடைசியா எப்ப வந்தீங்க?”

அவன் வேலிப் பக்கமாக நகர்ந்தான்.

“மச்சான், உங்களத்தான் கேக்குறேன்.”

“அடக்குன அன்னைக்கு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கெளம்புவேன் பத்ரு. இங்க எறங்குற எக்ஸிட் வரைக்கும் வருவேன். முடியாது, திரும்பிடுவேன். நம்பர் போட்டு மரக்குச்சி நட்டிருந்தாங்க. போன செப்டம்பர் புயல்ல எல்லாம் அடிச்சிட்டுப் போயிடுச்சு, நம்பர் எழுதின நோட்டும் தண்ணியில போச்சுன்னு பள்ளிவாசல்ல சொன்னாங்க. உன்கிட்ட எப்படிச் சொல்வேன்?”

பாவி! மூன்று வருஷம் புல் முளைத்த கதை சொல்லியிருக்கிறான். அவளுக்கு அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தான், அவனை என்ன செய்வது?

அந்த வரிசையில் பதினோரு குட்டிக் கபர்கள் இருந்தன. ஒன்றிலும் பெயர் இல்லை. பத்ரு முதல் கபரின் தலைமாட்டில் உட்கார்ந்து, ஈர மண்ணில் உள்ளங்கையை வைத்தாள்.

“ஆதிஃபு, உம்மா வந்துருக்கேன்டா.”

ஃபாத்திஹா ஓதி முடித்து எழுந்தாள். அடுத்ததில் போய் உட்கார்ந்து மறுபடியும் சொன்னாள். பதினோரு கபரிலும் அதையேதான் சொன்னாள்.