அண்ணன் கடை எண்ணெய்

என் அண்ணன் கடலை எண்ணெயில் கலப்படம் செய்யவில்லை. செய்தார் என்று ஊரில் கிளப்பிவிட்டவள் நான். கூடப்பிறந்த தங்கை!

சொல்லிவிட்டேன். இந்த ஒரு வரியை வாய்விட்டுச் சொல்ல எனக்கு இத்தனை வருடங்கள் ஆகியிருக்கின்றன. அதுவும் அண்ணனிடம் சொல்லவில்லை... முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். என் துணிச்சல் அவ்வளவுதான்.

உடனே என்னைக் காறித் துப்பிவிடாதீர்கள். உங்கள் வீட்டுச் சர்க்கரை எந்தக் கடையில் வாங்கியது? கிலோவுக்கு மூன்று ரூபாய் குறைகிறது என்று யாருடைய கடையைத் தாண்டிப் போனீர்கள்? தாண்டும்போது அந்தக் கடைக்காரர் பார்த்துவிடக் கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர்களா, இல்லையா? நீங்கள் அதோடு விட்டீர்கள். நான் விடவில்லை. நமக்குள் இருக்கும் வித்தியாசம் அதுதான்.

ஆலங்குடி கடைவீதியில் அண்ணன் செல்வராசு மளிகைக் கடை வைத்திருந்தார். அப்பா காலத்துக் கடை. எங்கள் தெருப் பெண்கள் எல்லோருக்கும் மாதச் சாமான் அங்கிருந்துதான் வரும். அண்ணன் மொபெட்டில் மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து என் வீட்டில் இறக்கிவிடுவார். அவரவர் பையை அவரவர் என் வீட்டில் வந்து எடுத்துக்கொள்வார்கள். செல்வராசு தங்கச்சி வீடு என்றுதான் என் வீட்டுக்கே பெயர். எனக்கென்று தனியாக ஒரு பொட்டலம் இருக்கும். கடலை மிட்டாயோ, பனங்கற்கண்டோ... கட்டிக்கொடுத்த பிறகும் தங்கைக்குத் தின்பண்டம் கொண்டுவந்த மனிதர் அவர்.

என் கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறார். அவர் அனுப்பும் பணம் அதே பணம்தான்; பருப்பும் புளியும் மட்டும் ஏறிக்கொண்டே போயின. மகள் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வேன், டியூஷன், செல்போன்... கையைக் கடித்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நாங்கள் பட்டினி கிடக்கவில்லை! பட்டினியால் செய்தேன் என்றால் நீங்களே மன்னித்துவிடுவீர்கள். அந்தச் சலுகை எனக்கு வேண்டாம்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெரிய கடை திறந்தது அப்போதுதான். கண்ணாடிக் கதவு, குளிர்காற்று, தள்ளுவண்டி. சர்க்கரை என்ன விலை தெரியுமா? புதுக்கோட்டை மொத்தக் கடையில் அண்ணன் மூட்டையாக வாங்கும் விலையைவிடக் குறைவு! அவர்களுக்குச் சர்க்கரையில் நட்டம்தான். ஆனால் சர்க்கரைக்கு வந்தவள் சோப்பும் பிஸ்கட்டும் அள்ளிப் போடாமல் திரும்பமாட்டாள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நான் அள்ளிப் போட்டேன். வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தால் அதில் பாதி எனக்குத் தேவையே இல்லாதது.

அண்ணனுக்குத் தெரியாமல் போய்வந்தேன். அதுகூடப் பெரிய குற்றமில்லை. அங்கே மேலாளராக இருந்த பையன் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தான்.

"மேடம், ஒங்க தெருவுல பத்து வீட்ட நம்ம கடைக்குச் சேத்துவிட்டீங்கன்னா, ஒங்களுக்கு ஒரு கிரைண்டர் ஃப்ரீங்க."

மேசைமேல் வைத்து அரைக்கும் கிரைண்டர். சிவப்பு நிறம். எதிர்வீட்டுப் பாக்கியத்திடம் அப்படி ஒன்று இருந்தது. என்னிடம் இருந்தது பழைய பெரிய கிரைண்டர். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் அந்தச் சிவப்பு... என்ன சொல்ல? ஆசைப்பட்டேன். வெட்கத்தை விட்டு ஆசைப்பட்டேன்!

தெருப் பெண்களிடம் பேசிப் பார்த்தேன். விலை குறைவு என்றேன். அவர்கள் தயங்கினார்கள். என் முகத்துக்காகத் தயங்கினார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

பாக்கியம்தான் கேட்டாள். "ஏக்கா, ஒங்க அண்ணன் கடைய விட்டுப்புட்டு எப்புடிக்கா அங்கிட்டுப் போறது? பாவமில்ல?"

அப்போது என் வாயிலிருந்து வந்தது. யோசித்து வைத்திருந்து சொன்னேனா, தானாக வந்ததா... எத்தனையோ முறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை.

"நான் சொன்னேன்னு வெளிய சொல்லிராத. எண்ணெயில பாமாயில் கலக்குறாரு. எம்மகளுக்கே வயிறு கெட்டுப்போச்சு. கூடப்பொறந்தவ நானே சொல்றேன்னா பாத்துக்க."

சுற்றிலும் கடலை விளையும் ஊர் எங்கள் ஊர். இங்கே ஒருவர் கடலை எண்ணெயில் கைவைத்தார் என்று பெயர் வாங்கினால், அதோடு அவர் கதை முடிந்தது. தெரிந்துதான் சொன்னேன். வெளியே சொல்லாதே என்றால் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதும் எனக்குத் தெரியும். நானும் பெண்தானே!

பத்து வீடு சேர்ந்தது. அதற்கு மேலேயும் சேர்ந்தது. சிவப்புக் கிரைண்டர் வந்து என் அடுப்பு மேடையில் உட்கார்ந்தது.

சில வாரங்கள் கழித்து அண்ணன் வந்தார். இட்லி வைத்தேன். அந்தக் கிரைண்டரில் அரைத்த மாவு.

"மாவு நல்லா பொங்கியிருக்கு ஆத்தா. புதுசா வாங்குனியா?"

"அவுக பணம் அனுப்புனாகண்ணே."

கிரைண்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நம்ம எண்ணெயில கலப்படம்னு எவனோ கெளப்பிவிட்டிருக்கான். ஒன் காதுல விழுந்துச்சா?"

எவனோ! எவளோ என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"விழலையேண்ணே. எவனாச்சும் பொறாம பிடிச்சவனா இருக்கும்."

"அதான் ஒரு யோசன பண்ணியிருக்கேன். ஒங்க தெருப் பொம்பளைகள ஒரு வேன் வச்சு எண்ணெய் ஆட்டுற எடத்துக்கே கூட்டிட்டுப் போறேன். அவுக கண்ணு முன்னாலயே கடலையக் கொட்டி ஆட்டச் சொல்றேன். பாத்துக்கிறட்டும்."

அவர்கள் போய்ப் பார்த்தால்? எண்ணெய் சுத்தம் என்று தெரிந்தால்? அடுத்த கேள்வி என்னிடம்தானே வரும்! பாக்கியம் சும்மா விடுவாளா?

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வருடம், எங்கள் பிறந்த வீட்டு வயலில் விளைந்த கடலையை என் மாடியில் நானே காயவைத்து, செக்கில் கொடுத்து ஆட்டிக்கொண்டு வந்தேன். எறும்பு வருகிறது என்று ஒரு பாட்டில் எண்ணெயை பிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் வெள்ளையாகத் திரண்டு கிடந்தது! பதறிப்போய் வெயிலில் வைத்தேன், பழையபடி தெளிந்துவிட்டது. சுத்தமான கடலை எண்ணெயும் குளிரில் உறையும். ஊரில் இது பலருக்குத் தெரியாது. உறைந்தால் பாமாயில் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அண்ணனுக்கும் அதுதான். டிரம்மிலிருந்து அளந்து ஊற்றுகிறவர், எண்ணெயை எதற்குக் குளிரில் வைக்கப் போகிறார்?

எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"வேன் எல்லாம் எதுக்குண்ணே வெட்டிச் செலவு? பாமாயில்னா குளுந்தா ஒறஞ்சுபோகும்ல? ஒரு பாட்டில்ல எண்ணெய ஊத்தி ஒங்க கூல்டிரிங்ஸ் பிரிட்ஜில வைங்க. காலைல எல்லாரையும் கூப்புட்டு எடுத்துக் காட்டுங்க. அம்புட்டுத்தான, ஊர் வாய அடைச்சிறலாம்."

அண்ணன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்... இட்லி ஒட்டிய கையோடு என் தலையைத் தொட்டார். "படிச்ச புள்ளைன்னா படிச்ச புள்ளைதான்!"

பொய் சொன்ன அன்றைக்கு ஆசையில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை எதில் வைப்பீர்கள்?

மறுநாள் காலை, கடை வாசலில் நல்ல கூட்டம். எங்கள் தெருப் பெண்கள், கடைவீதி ஆட்கள், டீ குடிக்க வந்தவர்கள். அண்ணன் வெள்ளை வேட்டி கட்டி, விபூதி பூசி, நல்ல காரியத்துக்கு நிற்பவர் போல நின்றார். மதினி சரோஜா உள்ளே கல்லாவில் உட்கார்ந்திருந்தார். நான் முன்வரிசையில் நின்றேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் போனேன்.

அண்ணன் பிரிட்ஜைத் திறந்தார். பாட்டிலைப் பார்க்காமலே உயரத் தூக்கிக் காட்டினார். "எல்லாரும் பாத்துக்கங்க!"

எல்லோரும் பார்த்தார்கள். கடைசியாகத்தான் அவர் பார்த்தார்.

சாய்த்தார். எண்ணெய் நகரவில்லை. குலுக்கினார். ஏதோ தன் கையில்தான் கோளாறு என்பது போல இன்னொரு கைக்கு மாற்றிச் சாய்த்தார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "இதுக்கு மேல என்னத்தப் பாக்குறது?" என்று பாக்கியம் முந்தானையை உதறிக்கொண்டு நடந்தாள்.

அண்ணன் என்னைத்தான் பார்த்தார். வேறு யாரையும் பார்க்கவில்லை. நான் வாயைத் திறந்திருந்தால் போதும். நல்ல எண்ணெயும் ஒறையும்ண்ணே, வெயில்ல வைங்க, தெளிஞ்சிரும்... அவ்வளவுதான்! அவ்வளவுதானே!

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஏண்ணே இப்புடிப் பண்ணுனீக?"

எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். அழுகை பொய்யா என்று கேட்காதீர்கள். அது உண்மையான அழுகை. அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் ஆட்டிக் கொடுத்தவர் அண்ணனோடு ஒன்றாகப் படித்தவர், கலப்படம் இல்லவே இல்லை என்று பிள்ளைமேல் சத்தியம் செய்தார். அண்ணன் நம்பவில்லை. சட்டையைப் பிடித்துவிட்டார். அந்த நட்பு அன்றோடு அறுந்தது. மிச்ச எண்ணெயை டிரம்மோடு உருட்டிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார். பொன்னிறமான, மணக்கும், சுத்தமான எண்ணெய்! பிறகு எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறி, தெரியாமல் நடந்துவிட்டது என்று கைகூப்பினார். செய்யாத தப்புக்கு! என் வீட்டுக்கும் வந்தார். "என்னால ஒனக்கும் தலகுனிவு ஆத்தா," என்றார்.

அடுத்த பொங்கலுக்குள் கடை மூடியது. பொங்கல் சீர் மட்டும் நிற்கவில்லை. கடையின் தராசையும் பிரிட்ஜையும் விற்றுச் சீர் கொண்டுவந்தார். அரிசி, வெல்லம், கரும்பு, எனக்கும் மகளுக்கும் துணி. வாங்கிக்கொண்டேன். துணி சுமார்தான் என்றுகூட மனதுக்குள் நினைத்தேன். மதினி அன்றைக்கு அடுப்படிக்கு வந்து, அந்தச் சிவப்புக் கிரைண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் வந்ததும் இல்லை.

நான் இல்லாவிட்டாலும் அந்தக் கடை மூடித்தான் இருக்கும். வாங்கும் விலைக்குக் கீழே பக்கத்தில் ஒருவன் விற்றால் எந்தக் கடை நிற்கும்? கடைவீதியில் இன்னும் சில கடைகளும் மூடின. அவர்களுக்கெல்லாம் தங்கை இருந்தாளா? இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நாளைக் கழிக்கிறேன். ஆனால் அவர்கள் நட்டப்பட்டு மூடினார்கள். வெளியூரில் போய் வேறு கடை வைத்தார்கள். என் அண்ணன் திருடன் என்று பெயர் வாங்கி மூடினார். தன்னைத் திருடன் என்று தானே நம்பியும்விட்டார். அதை எந்தப் பெரிய கடையும் செய்யவில்லை... நான் செய்தேன்.

கடைவீதிக் கடைகள் ஓய்ந்ததும் பெரிய கடையில் சர்க்கரை விலை ஏறியது. கிரைண்டர் திட்டமும் காணாமல் போயிற்று. இப்போது மாதச் சாமானுக்கு முன்பைவிட அதிகமாகத்தான் கொடுக்கிறேன். சிரித்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் இன்றைக்கு எங்கே இருக்கிறார் என்று கேட்கவில்லையே? அங்கேதான். அந்தப் பெரிய கடையின் வாசலில். நீலச் சட்டை போட்டு, வெளியே போகிறவர்களின் பையைப் பில்லோடு சரிபார்த்துப் பேனாவால் ஒரு கோடு போடும் வேலை. காலை முதல் இரவு வரை நின்றே பார்க்க வேண்டும். கால் வீங்கியிருக்கிறது. ஊரில் யார் திருடுகிறார்கள் என்று பார்க்கும் வேலையை என் அண்ணனுக்குக் கொடுத்திருக்கிறார்கள்!

போன வாரமும் போனேன். வேறு கடை இல்லையே. பையை நீட்டினேன். தங்கை என்று விட்டுவிடக் கூடாது, மேலே கேமரா இருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கடலை எண்ணெய்ப் பாக்கெட் கைக்கு வந்ததும் நிறுத்தினார். அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"இதெல்லாம் மிஷின்ல டெஸ்ட் பண்ணி வருது ஆத்தா. சுத்தமான எண்ணெய். நான் ஒங்களுக்கெல்லாம் ஊத்துனது..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

பின்னால் வரிசை நின்றது. அவர் காத்துக்கொண்டிருந்தார். இல்லண்ணே, ஒங்க எண்ணெய்தான் நல்ல எண்ணெய் என்று நான் சொல்வேன் என்றுதான் காத்திருந்தாரோ? நாக்கு நுனிவரை வந்தது...

"ஆமாண்ணே," என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். பாக்கெட்டைப் பதமாகப் பையில் வைத்தார். பில்லில் கோடு போட்டு நீட்டினார். "பாத்துப் போயிட்டு வா ஆத்தா."

நாளைக்குச் சர்க்கரை தீர்ந்துவிடும். மறுபடியும் போக வேண்டும்.