வானத்தில் நேராக நின்ற தோணி

பழவேற்காட்டுக் கோட்டையில் கொடிமர மேடை வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடலைப் பார்க்க வேண்டும், கப்பல் தெரிந்தால் சொல்ல வேண்டும். கண் இருந்தால் போதும் என்றுதான் நானும் ஏறினேன்.

1. முதல் நாள்

சித்திரை மாதம். காற்று செத்துக் கிடந்தது. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், இரண்டும் ஒரே வெளுப்பு. வெயில் ஏறும் நேரத்தில், கோட்டையை ஆண்ட ஒல்லாந்தர் கொடுத்திருந்த துர்பீனை, அந்தத் தூரக்கண்ணாடியை, கண்ணில் வைத்தேன். கடலுக்கு மேலே, தண்ணீரைத் தொடாமல், ஒரு கப்பல் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பாய்மரம் மூன்றும் கீழ்நோக்கி. லேசாக அசைந்தது, தூக்கத்தில் வௌவால் அசைவதுபோல. துர்பீனை இறக்கிவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தேன். நகக்கீறல் அளவுக்கு அங்கேயே இருந்தது.

கோட்டைத் தலைவரான கப்பித்தானிடம் ஓடினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். துபாஷி சிரிக்காமல் தமிழாக்கினார்: "தண்ணி மேல கீறத மட்டும் சொல்லுனு சொல்றாரு. வானத்துல கீறத பாதிரியாரு பாத்துக்குவாராம்."

மறுநாள் மூன்று பாய்மரக் கப்பல் ஒன்று ஒழுங்காக வந்து நங்கூரம் போட்டது. கப்பித்தானிடம் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. எனக்கென்று ஓர் ஓலையில் கீறிவைத்தேன்: நேற்று தலைகீழ், இன்று நேர்.

அப்புறம் ஒவ்வொரு கோடையிலும் ஓலை சேர்ந்தது. வானத்தில் தலைகீழாகக் கண்ட கப்பல்கள் சில மறுநாள் வந்தன. சில வரவேயில்லை, அதையும் குறித்தேன். வந்தவை எல்லாம் நேராகவே வந்தன. ஏன் அப்படி என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

2. கோட்டைக்குப்பத்தில் பொங்கல்

கோட்டைக்குப்பத்து மீனவர்களுக்கும் இந்தக் காட்சி பழக்கம்தான். ஆகாசத் தோணி என்பார்கள். காணாமல்போன தோணி அப்படித் தெரிந்தால், கங்கையம்மன் அதைக் கையில் ஏந்திக் கொண்டுவருகிறாள் என்று அர்த்தம். அதன் பிறகு யாரும் தேடிப் போகக் கூடாது. எதிரே போனால் அவள் கோபித்துக்கொண்டு கையை விட்டுவிடுவாள். இதையும் ஓலையில் எழுதியிருந்தேன். பார்க்காமலே கேலி செய்த கப்பித்தானைவிட, பார்த்துவிட்டுப் பயந்தவர்களோடு எனக்குச் சொந்தம் அதிகம்.

என் ஏழாவது கோடையில் கன்னியம்மாவின் புருஷன் தேசப்பனும், அவள் கூடப்பிறந்த முனியனும் ஒரே தோணியில் கடலுக்குப் போய் மூன்று நாளாகத் திரும்பவில்லை. தினமும் இரண்டு தோணிகள் தேடிவிட்டு வந்தன. நாலாம் நாள் வெயில் ஏறியதும் கரையில் ஒரே கூச்சல். மேடையிலிருந்து நானும் பார்த்தேன். அடிவானத்துக்கு மேலே ஒரு தோணி, கொட்டாங்கச்சி மிதப்பதுபோல, அழகாக நேராக நின்றது. தேடப் புறப்பட்ட தோணிகளை மறுபடி மணலில் ஏற்றிவிட்டார்கள். அம்மனுக்குப் பொங்கல் வைக்கப் பெண்கள் அடுப்பு மூட்டினார்கள்.

துர்பீனைத் திருகித் திருகிப் பார்த்தேன். தோணிக்குள் ஆள் இல்லை. பாய்மரமும் இல்லை. பார்வை கொஞ்சம் கீழே இறங்கியது. தோணியின் அடியில், வெறும் வானத்தில், இரண்டு பேர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

துர்பீன் கோட்டைச் சொத்து, மேடையைவிட்டு இறங்கக் கூடாது. இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினேன். குப்பத்துப் பெரியதனக்காரர் மாசிலாமணியை மணல்மேட்டில் ஏற்றிக் காட்டினேன். பார்த்தார். துர்பீனைத் திருப்பிக் கொடுத்தார். கடலில் செத்தவர்கள் தோணியின் அடியைப் பிடித்து இழுக்கிறார்கள் என்றார். அம்மன் ஒருத்தியாக இழுபறியில் நிற்கிறாள், இந்த நேரத்தில் அங்கே போகிறவனும் போய்விடுவான் என்றார்.

"அது பேய்தானானு எனக்குத் தெரியல நைனா. நான் பாத்தத மட்டும் சொல்றேன்" என்றேன். வருஷக்கணக்காக ஓலையில் இருந்த விஷயம், வாய்க்கு வர மறுத்தது.

கன்னியம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். துர்பீனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை.

"ண்ணா, இத்தினி வருசமா நீ வானத்துல கப்பல் பாத்தியே. எதுனா ஒண்ணாச்சும் நேரா நின்னுதா?"

"ஒண்ணுகூட இல்லம்மா. எல்லாம் தலைகீழாத்தான்."

"அதுங்க வந்து சேரச்சொல்ல எப்டி இருந்துது?"

"நேரா வந்துது."

மணலில் கிடந்த ஒரு கொட்டாங்கச்சியை எடுத்தாள். நிமிர்த்திப் பிடித்தாள். பிறகு கவிழ்த்தாள். அதன் முதுகில் இரண்டு விரலை வைத்தாள்.

"அப்ப இது நேரா நின்னா, அங்க கவுந்துகீது. அது மேல ரெண்டு பேரு உசுரோட குந்திகீறாங்க."

அடுப்பில் பொங்கல் வழிந்து தணலில் சீறிய சத்தம் கேட்டது. பெரியதனக்காரர் மெதுவாக, "அம்மா கோச்சிக்குவாடீ" என்றார்.

"அவளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன் நைனா. நீ தோணிய தள்ளு."

அவள் தோளைக் கொடுத்துத் தள்ளத் தொடங்கியதும் நாலு பேர் வந்து சேர்ந்தார்கள். கொடிமரத்தை முதுகுக்கு நேரே வைத்துக்கொண்டு கிழக்கே போங்கள் என்று சொல்லிவிட்டு நான் மேடைக்குத் திரும்பினேன். அதற்குள் வானத்தில் எதுவும் இல்லை. பெரியதனக்காரர் கடைசியாக ஏறிச் சுக்கான் பிடித்ததைப் பார்த்தேன்.

பொழுது சாய்கையில் திரும்பினார்கள். இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள். கவிழ்ந்த தோணியின் முதுகில், உதடு வெடித்து, உப்புப் பூத்துக் கிடந்தார்களாம்.

3. தேசப்பன் சொன்னது

துர்பீனை இறக்கியதற்காகக் கப்பித்தான் என்னை ஒரு மாதம் மேடையிலிருந்து விலக்கிவைத்தார். அந்த நாட்களில் ஒரு காலை தேசப்பன் என் வீட்டுக்கு வந்தான். நன்றி சொல்ல வந்தவன்போல இல்லை. என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்களை நீங்கள் பார்த்தது எந்த நேரம் என்று கேட்டான். சொன்னேன்.

"அதே நேரந்தான்ணா. நாங்களும் உங்கள பாத்தோம்."

அவ்வளவு தூரத்திலிருந்து கரைதான் தெரியாதே என்றேன்.

"வானத்துல தெரிஞ்சிது. கோட்டை, கொடிமரம், குப்பம், எல்லாம் தலைகீழா தொங்கிகினு கீது. கடல் பொங்கி ஊரையே கவுத்துட்டுதுனு நெனச்சோம். நாங்க ரெண்டு பேருதான் மிச்சம்னு முனியன் அழுதான். கன்னியம்மா பேர சொல்லி நானும் அழுதேன்."

அவன் போன பிறகு ஓலையை எடுத்தேன். நாங்கள் அவர்களுக்காகப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் எங்கள் சாவுக்கு அழுதுகொண்டிருந்தார்கள் என்று எழுதினேன். இரண்டு பக்கமும் கண் பொய் சொல்லவில்லை.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள். உங்களுக்குப் பிடிக்காத ஆள் கண்டதையும் எழுதுங்கள். எங்கே நின்று கண்டார் என்று கேட்டு அதையும் சேருங்கள். கடலிலிருந்து வருகிற ஒவ்வொருவரிடமும் நான் இப்போது ஒரு கேள்வி கேட்கிறேன்: அங்கேயிருந்து பார்க்கும்போது நாங்கள் எப்படித் தெரிந்தோம்? சிலர் சிரித்துவிட்டுப் போகிறார்கள். சிலர் கோட்டையை ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார்கள், அப்புறம் தலையைச் சாய்த்து இன்னொரு முறை பார்க்கிறார்கள்.