பதினோராம் மாடி - பூச்சியம்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை பின்னேரம், கனடாவின் ஸ்காபரோவில் நான் இருக்கும் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் ஏதோ வெடித்துப் புகை வந்தது. பதினாறு மாடிக்கும் கரண்ட் போய்விட்டது. எலிவேற்றர் நின்றுவிட்டது. ஃபயர்காரர் வந்தார்கள். அவர்களுக்குப் பொறுப்பாக வந்த பெண் அதிகாரி வாசலில் இருந்த சிவப்புப் பெட்டியைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். எந்த மாடியில் நடக்க முடியாதவர்கள், எந்த மாடியில் மெஷின் உதவியோடு மூச்சு விடுகிறவர்கள் என்று எழுதியிருந்த தாள்.

அந்தத் தாளை எழுதியவள் நான்.

பக்கத்தில் பெருமையாக நின்றேன். அந்தப் பெருமை இருபது நிமிடம்தான் இருந்தது. அதற்குப் பிறகு வந்த கோபம் இன்றுவரை போகவில்லை. யார் மேல் கோபம் என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் இந்த வாரப் பக்கம் முழுவதும் வேண்டும்.

முதலில் தாளின் கதை. என் அமெச்சூர் ரேடியோப் பைத்தியம் இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குப் பழசு. புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன் - பரீட்சை எழுதி, லைசென்ஸ் எடுத்து, வீட்டில் ஒரு ரேடியோவும் பற்றறியும், பல்கனியில் ஒரு கம்பியும் வைத்துக்கொண்டு ஊர் உலகத்தோடு கதைக்கிற ஆட்கள் நாங்கள். சம்பளம் கிடையாது. கரண்ட், இன்ரநெற், செல்ஃபோன் மூன்றும் படுத்தாலும் எங்கள் கம்பி வேலை செய்யும்.

அதனால் இடைக்கிடை நாள் குறித்து கனடா இராணுவம் - எங்கள் வாயில் 'ஆமி' - எங்களோடு ஒரு பயிற்சி வைக்கும். கற்பனையாக ஒரு பேரிடர். ஒரு பக்கம் இராணுவத்தின் ரேடியோக்காரர். மறுபக்கம் என்னைப்போல பல் வைத்தியரின் கிளினிக்கில் ஃபோன் எடுக்கிற பெண்கள், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர்கள். அவர்கள் பேசும் முறை வேறு, எங்கள் முறை வேறு. ஒருவர் சொல்வதை மற்றவர் பிழையில்லாமல் எழுதி எடுத்து, திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கப் பழக வேண்டும். அவ்வளவுதான்.

இந்த முறை கற்பனை, பனிப்புயலில் நகரம் முழுக்க மூன்று நாள் கரண்ட் இல்லை என்பது. ஒவ்வொருவரும் தன் கட்டடத்தில் உதவி தேவைப்படுகிறவர்கள் எத்தனை பேர் என்று மாடி மாடியாக அறிவிக்க வேண்டும். கற்பனை எண் போட்டாலே போதும் என்று சொல்லியிருந்தார்கள். நான் கேட்பேனா? உண்மையான எண் எடுத்தால் கட்டடத்துக்கும் பயன்படும் என்று நிர்வாகத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டு, இரண்டு ஞாயிறு ஒரு கிளிப்போர்ட்டோடு கதவு கதவாகத் தட்டினேன்.

ஐந்தாம் மாடியில் இருக்கும் கயானாக்காரப் பெண் முழங்கால் ஒப்பரேஷன் தழும்பையே காட்டினார். ஒன்பதாம் மாடிப் பிலிப்பைன்ஸ்காரர் தகப்பனின் மருந்துப் போத்தல்களை வரிசையாக அடுக்கிக் காட்டினார். எங்கள் தமிழ் ஆட்கள்? வாசலில் ஆறு சோடிச் செருப்புக் கிடக்கும், உள்ளே ஒராள்தான் என்பார்கள். நோய், வருத்தம் ஏதும்? சளி, தடிமன்கூட இல்லை என்பார்கள்.

பதினோராம் மாடியில் குணரத்தினம் அண்ணை சங்கிலியைக் கழற்றாமல் கதவை நாலு விரல் அகலம் திறந்தார். எழுபது தாண்டியவர். எலிவேற்றரில் கண்டால் சிரிப்பார், அதற்கு மேல் பழக்கமில்லை. வீட்டில் வருத்தக்காரர் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டேன்.

"ஆர் கேக்கினம்?" என்றார்.

நாலாம் மாடியில் இருக்கிற நான்தான் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். பெயர் தேவையில்லை, எண்ணிக்கை மட்டும் போதும் என்றும் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது கொஞ்சம் பெரிய ஆளாகத் தெரிய வேண்டியிருந்தது.

"ஆமிக்கு அண்ணை. சனிக்கிழமை ரேடியோவில நான் ஆமிக்குச் சொல்ல வேணும்."

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"இஞ்ச வருத்தக்காரர் ஒருத்தரும் இல்லை. நான் ஒராள்தான் இருக்கிறன்."

அவருக்குப் பின்னால் ஏதோ ஒன்று விட்டு விட்டு இரைந்துகொண்டிருந்தது. பழைய ஃபிரிட்ஜ் என்று நினைத்தேன். அந்த மாடியில் மற்றக் கதவுகளிலும் இல்லை, இல்லை என்றுதான் பதில். தாளில் பதினொன்றுக்கு நேரே பேனையால் பூச்சியம் போட்டேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பயிற்சி. இராணுவத்தின் பக்கம் இருந்தது ஒரு இளம் குரல். ஒவ்வொரு வரிக்கும் என்னை 'மேடம்' என்று கூப்பிட்டது. நான் மாடி மாடியாகச் சொன்னேன். அந்தக் குரல் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னது. பதினோராம் மாடி, பூச்சியம்... ஓம், பதினோராம் மாடி, பூச்சியம். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. இவ்வளவு சுத்தமான அறிக்கையை அன்று வேறு ஒருவரும் தரவில்லையாம். அந்தத் தாளை நிர்வாகம் வாங்கி, ஃபயர்காரருக்கென்று வாசலில் இருக்கும் சிவப்புப் பெட்டிக்குள் வைத்தது.

ஈமெயிலில் சான்றிதழ் வந்தது. சும்மா இருக்க முடியுமா? கட்டடத்துத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "உவ இப்ப ஆமியின்ர ஆள்" என்று யாரோ எழுத, பத்துப் பன்னிரண்டு பேர் சிரிப்புப் படம் போட்டார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் கனடாவில் இருந்தும் ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லத் தெரியாத சனம் என்று நீளமாக எழுதிப் போட்டேன். இன்று அதை வாசிக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அழிக்கவில்லை. கிடக்கட்டும்.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

ஃபயர்காரர் தாளைப் பார்த்து மூன்றாம் மாடி, ஏழாம் மாடி, ஒன்பதாம் மாடி, பதினாலாம் மாடி என்று பிரிந்து படியேறினார்கள். பதினொன்றைத் தாண்டித்தான் பதினாலுக்குப் போனார்கள். பூச்சியம் போட்ட மாடியில் எதற்கு நிற்க வேண்டும்? நான் கீழே நின்று தமிழ் ஆட்களுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

படிக்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு குணரத்தினம் அண்ணை வந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. வீட்டு ஃபோன் இன்ரநெற்றில் ஓடுவது, கரண்டோடு அதுவும் செத்துவிட்டது. செல்ஃபோன் அவர் வைத்திருப்பதில்லை. பதினோரு மாடியும் இறங்கி வந்திருக்கிறார். வாசலில் சீருடையோடு மூன்று பேர் நின்றார்கள். அவர்களைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்து என் காதுக்குள் சொன்னார்.

"தங்கச்சி, மேல ஒராள் இருக்கிறா. என்ர மனிசி. மூச்சுக்கு வைக்கிற ஒட்சிசன் மெஷின் நிண்டு போச்சு. சிலிண்டரில கொஞ்சம்தான் கிடக்கு."

அந்த நேரத்திலும் காதுக்குள்!

நான் கத்திய கத்தலில் அதிகாரி திரும்பினார். இரண்டு பேர் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடினார்கள். பதினோரு மாடி. இருபது நிமிடம் முந்தியே போயிருக்க வேண்டிய பதினோரு மாடி.

அவர்கள் போனதும் நான் செய்தது நல்ல காரியம் இல்லை. ஏன் பொய் சொன்னீர்கள் என்று அந்த மனிதரை எல்லோருக்கும் முன்னால் வைத்து ஏசினேன். உங்கள் மனிசி செத்தால் யார் பொறுப்பு என்றும் கேட்டேன். அவர் வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"ஊரில ஒருக்கா ஆமி வந்து கேட்டது. அண்டைக்கு உண்மையைச் சொன்னனான் தங்கச்சி. வீட்டில நாலு பேர் எண்டு பேர், வயசு எல்லாம் சொன்னனான். கள்ளம் இல்லாதவனுக்கு என்ன பயம் எண்டு நினைச்சன். பிழையா எழுதிப் போடுவினம் எண்டு மூத்தவன்ர பேரைத் திருப்பித் திருப்பிச் சொன்னனான். ரெண்டு கிழமை கழிச்சு அதே தாளோட வந்து அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவை."

பிறகு மகனைக் காணவில்லை. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அதிகாரி என்னிடம் திரும்பி, இவர் என்ன சொல்கிறார், மேலே வேறு யாரும் இருக்கிறார்களா என்று கேட்டார். என்னால் ஒரு வரியும் மொழிபெயர்க்க முடியவில்லை. இல்லை என்று மட்டும் தலையாட்டினேன்.

இப்போது சொல்லுங்கள், நான் யாரைக் கோபிப்பது?

எனக்குத் தெரியாத விஷயமா இது? ஊரில் எங்கள் வீட்டுக்கும் தாளோடு வந்தார்கள். ஐந்து பேர் இருந்த வீட்டில் நாலு பேர் என்று அம்மா சொன்னார். ஐந்தாவது ஆள், என் அண்ணன், பின்வளவில் விறகுக்குள் படுத்திருந்தான். இன்று நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் இரண்டு கார் கராஜ் வைத்த வீட்டில் இருந்துகொண்டு, புல்லு வெட்ட நேரமில்லை என்று அலுத்துக்கொள்கிறான். பொய் சொன்ன வீட்டில் பிள்ளை இருக்கிறான். உண்மை சொன்ன வீட்டில் இல்லை. இது தெரிந்த நான்தான் கையில் தாளோடு ஒரு தமிழனின் கதவில் போய் நின்று 'ஆமிக்கு' என்று சொன்னேன்! கனடா ஆமி வேறு, அந்த ஆமி வேறு என்பீர்கள். சரிதான். நாலு விரல் கதவிடுக்கில் அது எப்படித் தெரியும்?

அன்று அந்தத் தாளை எழுதியவர்களை நினைத்தால் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. அவர்கள் கெடுத்தது ஒரு குடும்பத்தை மட்டுமல்ல. கடல் தாண்டி, கண்டம் தாண்டி, பதினோரு மாடி ஏறி வந்த பிறகும் ஒரு மனிதனால் "என் மனிசிக்கு வருத்தம்" என்று வாய் திறந்து சொல்ல முடியாமல் செய்துவிட்டார்கள். அதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கட்டட நிர்வாகத்தின் மேலும் கோபம்தான். என் பல்கனிக் கம்பி கட்டடத்தின் அழகைக் கெடுக்கிறது என்று மூன்று கடிதம் போட்டவர்களுக்கு, நிலக்கீழ் அறையில் கரண்ட் பெட்டி மேல் தண்ணீர் ஒழுகுவது அது வெடிக்கும்வரை கண்ணில் படவில்லை. பயிற்சி நடத்தியவர்கள் மேலும் கோபம். பயிற்சியில் கற்றுக்கொண்டது என்ன என்று கேட்டு ஒரு ஃபோர்ம் அனுப்பியிருந்தார்கள். இரண்டு வரிக்கு இடம். நான் இரண்டு பக்கம் எழுதி இணைத்தேன். தங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

இரண்டு ரேடியோக்கள் ஒன்றையொன்று புரிந்துகொள்ள நாள் குறித்து, ஆள் சேர்த்து, சான்றிதழும் அச்சடிக்கிறோம். கதவுக்கு வெளியே நிற்பவளும் உள்ளே நிற்பவரும் புரிந்துகொள்ள யார் பயிற்சி வைப்பது? என் பூச்சியம் காற்றில் எத்தனையோ மைல் பிசகாமல் போய்ச் சேர்ந்தது. அது பொய் என்பது ஒரு இராணுவத்துக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

யோகம் அக்கா - குணரத்தினம் அண்ணையின் மனைவி - பிழைத்துவிட்டார். ஐந்து நாள் ஆஸ்பத்திரி, பிறகு வீடு. போன ஞாயிறு பார்க்கப் போனேன். கிளிப்போர்ட் கொண்டுபோகவில்லை. கதவு திறந்தது, சங்கிலி போடவில்லை. மூக்கில் குழாயோடு அக்கா கதிரையில் இருந்தார். அன்று நான் ஃபிரிட்ஜ் என்று நினைத்த மெஷின் பக்கத்தில் இரைந்துகொண்டிருந்தது. ஏசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அண்ணை அடுப்படிக்குப் போய் வந்தார். தேத்தண்ணி தந்தார்.

நான் எழும்பும்போதுதான் வாய் திறந்தார்.

"அந்தத் தாளில எழுதுங்கோ. ரெண்டு பேர். ஒராளுக்கு ஒட்சிசன்."

புதுத் தாள் என் கைப்பைக்குள் இருந்தது. எடுத்து விரித்துப் பேனையைத் திறந்தேன். அவர் கையை நீட்டி மறித்தார்.

"பேனை வேண்டாம். பென்சிலால எழுதுங்கோ."

என்னிடம் பென்சில் இல்லை. அக்காவின் குறுக்கெழுத்துப் புத்தகத்துக்குள் இருந்ததை எடுத்துத் தந்தார். எழுதினேன். திருப்பி வாசித்துக் காட்டினேன், அவர் தலையாட்டினார். எப்போது வேண்டுமானாலும் கீழே வந்து அழித்துவிடலாம் என்று சொல்லிப் பென்சிலைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதன் தலையில் அழிறப்பர் இருந்தது. அது அவர் கையிலேயே இருக்கட்டும்.