சோடிப் பேர் சொல்லாமல் ஜீப் கிளம்பாது

சக்குபள்ளத்துக்குப் படம் எடுக்க வருகிற கம்பெனிகள் முதலில் விசாரிப்பது மழை எப்போது விடும் என்று. அடுத்து, குருவம்மாள் ஊரில் இருக்கிறாளா என்று. ஐம்பத்திரண்டு வயது, இடது காலைச் சற்றுச் சாய்த்த நடை, கழுத்தில் விசில். இருபது வருடம் ஏலத்தோட்டத்தில் காயெடுத்தவள், இப்போது செட்டில் யாருக்கும் ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொள்கிறாள். கதாநாயகனையே "செருப்பக் கழத்திட்டு பூட்ஸப் போடுங்க சார்" என்று விரட்டுவாள். அவளைக் கண்டு பயப்படாதவை இந்த மலையில் அட்டைகள் மட்டும்தான்.

போன வருடம் ஒரு கம்பெனி, ஸ்டோர் தீப்பற்றும் காட்சி எடுக்க வந்தது. ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தை இங்கே ஸ்டோர் என்பார்கள். பலகையில் போலியாக ஒன்று கட்டி, தீ எரிய உள்ளே கேஸ் சிலிண்டர் வைத்தார்கள். மேனேஜர் மோகனசுந்தரம் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைக்காரர். நல்ல மனுஷர்தான், ஆனால் வெளிச்சம் போய்விடுமே என்று வானத்தைப் பார்த்துப் பார்த்தே கழுத்து வலி வந்தவர்.

குருவம்மாள் வந்ததும் ஆம்புலன்ஸின் மூக்கை ரோட்டைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினாள். ஸ்டோருக்குப் பின்னால் ஸ்ட்ரெச்சர் போகிற அகலத்துக்குச் செடிகளுக்கு நடுவே வழி வெட்ட வைத்தாள். தீயணைப்பு வண்டியின் குழாய் எட்டுகிறதா என்று இழுத்துப் பார்த்தாள். அதுவரை எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டிரண்டு பேராக நிற்கச் சொன்னபோதுதான் சிரிப்பு கிளம்பியது.

"ஏனுங்க்கா, இதென்ன பள்ளிக்கூடமுங்களா?" என்றார் மோகனசுந்தரம்.

"சிரிங்க சார், நல்லாச் சிரிங்க. விசிலடிச்சா எல்லாரும் பஸ் ஸ்டாப்புக்கு ஓடி வரணும். நாங் கூப்பிடயில அவுகவுக சோடி பேரச் சொல்லணும். தம் பேரச் சொல்லக் கூடாது."

கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி ஜீப்பில் வேலைக்கு வரும் பெண்களின் வழக்கம் அது. ஏலக்காட்டில் நாலடி தள்ளிப் போனால் ஆள் தெரியாது. அதனால் சாயங்காலம் சோடிப் பேர் சொல்லாமல் ஜீப் கிளம்பாது. வழக்கம் உண்டானதே குருவம்மாளால்தான். பதினாறு வருடத்துக்கு முன் கணுக்கால் முறிந்து ஓடையில் கிடந்த அவளை விட்டுவிட்டு ஜீப் போய்விட்டது. டிரைவர் தலை எண்ணியபோது பதினைந்து சரியாக இருந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி ஏறியிருந்தாள். அன்று சாய்ந்த கால்தான் இன்றும் சாய்ந்திருக்கிறது.

படப்பிடிப்பன்று மத்தியானம் காற்று திரும்பியது. தார்ப்பாயில் தீ ஏறியது. டைரக்டர் "கட்" சொல்லுமுன் குருவம்மாள் விசிலடித்துவிட்டாள். எல்லோரும் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினார்கள். மோகனசுந்தரம் மூச்சிரைக்க எண்ணினார்.

"உங்களையுஞ் சேத்து அறுபத்து மூணுங்க. ஆளு சரியா இருக்குதுங்க. அக்கா, தீ இப்பத்தான் நல்லா எரியுது. தண்ணி அடிக்கறதச் செத்த நிறுத்தச் சொல்லுங்க. ஒரே ஒரு ஷாட்டுங்க."

"தலைய எண்ணாதீக சார்" என்று அவள் பட்டியலைப் பிரித்தாள். தீயணைப்பு வண்டி தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தது.

பேர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஆர்ட் உதவியாளர் ஆர்த்தியின் முறை வந்தபோது அவள் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா... ஜெகண்ணனக் காணோம்க்கா. கேஸ அடைக்கணும்னு பின்னால போனாரு."

ஜெகன் அந்த செட்டின் தச்சர். அப்படியானால் அறுபத்து மூன்றாவது தலை யாருடையது? பக்கத்து ஆனைக்கரையிலிருந்து டீக் கேனோடு அப்போதுதான் வந்த டீக்கடைப் பையன் டின்டு, கூட்டத்தைப் பார்த்துத் தானும் வரிசையில் நின்றிருந்தான்.

குருவம்மாள் அங்கே நிற்கவில்லை. முகமூடி போட்ட இரண்டு தீயணைப்பு வீரர்களை தான் வெட்ட வைத்த வழியிலேயே கூட்டிப்போய் பின்வாசலைக் காட்டினாள். புகையில் மயங்கி சிலிண்டர் பக்கத்தில் கிடந்த ஜெகனை அவர்கள் தூக்கி வந்தார்கள். ஆம்புலன்ஸ் திருப்பாமலே கிளம்பியது.

மோகனசுந்தரம் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஆள உள்ள வெச்சுக்கிட்டு ஷாட் கேட்டுட்டனேங்க்கா" என்று அழுதார். அவள் திட்டவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

கடைசி நாள் கம்பெனி ஊருக்குக் கிளம்பியது. ஆஸ்பத்திரியிலிருந்து ஜெகனும் வந்துவிட்டார், கரகரத்த தொண்டையோடு. இந்த முறை பட்டியலை மோகனசுந்தரமே வாசித்தார். முப்பத்தொரு சோடியும் பேர் சொல்லி பஸ் ஏறியது. குருவம்மாள் விசிலை எடுத்தாள்.

"இருங்க்கா. இன்னும் ஒரு ஆளு பாக்கிங்க. உங்க பேர ஆரும் சொல்லலையே?" என்றார் மோகனசுந்தரம்.

"நாங் கூப்பிடுறவ சார். எனக்கு எதுக்குச் சோடி?"

பதினாறு வருடமாக அப்படித்தான் சொல்லிவந்தாள். பஸ் படியிலிருந்து ஜெகன் குரல் கொடுத்தார்.

"எனக்கு ரெண்டு சோடி. ஒண்ணு ஆர்த்தி. இன்னொண்ணு குருவம்மாக்கா. இந்தா, முன்னாலயே நிக்கிறாக!"

குருவம்மாள் நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். அவ்வளவு பெருமையாக இருந்தது. விசிலை வாயில் வைத்து ஊதினாள்; முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவைதான் பஸ் கிளம்பியது.