லைட் மங்கல் என்றார்

உப்புக் காற்றின் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. திருகோணமலையில் எது பழுதானாலும் பழியைச் சுமக்க அது தயாராக நிற்கும். பூட்டுத் திறக்காவிட்டால் உப்பு, கதவுப் பிணைச்சல் கத்தினால் உப்பு. என் கணவரின் வாடகைக் காரில் லைட் மங்கினால் மட்டும் யாருக்கு வேறு காரணம் தோன்றும்?

எங்கள் வீட்டு உலை அந்தக் காரை நம்பித்தான் கொதித்தது. பகல் ஓட்டம் எல்லாருக்கும் கிடைக்கும். இருட்டினபின் நிலாவெளிக்கோ இறக்கக்கண்டிக்கோ போகிற ஓட்டத்தில்தான் நாலு காசு. லைட் சரியில்லையென்றால் அதுவும் இல்லை.

அதனால், "ரோட்டுக் கரை தெரியுதில்லையப்பா, லைட் மங்கல்" என்று அவர் சொன்ன நாளிலிருந்து நானும் காரடியில் குனியத் தொடங்கினேன். அவர் சொல்லச் சொல்ல எனக்கும் பாடமாகிவிட்டது. பற்றரியிலிருந்து வயர் சுவிச்சுக்குப் போகும்; அங்கிருந்து பியூஸ் வழியாக ஒவ்வொரு பல்புக்கும் பிரியும். திரும்பி வரத் தனி வயர் கிடையாது. வண்டியின் இரும்பு உடம்புதான் வழி. பல்பை அந்த இரும்போடு இணைக்கும் ஏர்த் வயரை முடுக்கிய இடத்தில் துரு பிடித்தால், கரண்ட் திரும்ப வழியில்லாமல் பக்கத்துப் பல்புக்குள்ளால் புகுந்து வரப் பார்க்கும். ஒழுங்கையை அடைத்துவிட்டால் அடுத்த வீட்டு வளவுக்குள்ளால் நடக்கிறோமே, அதுபோலத்தான். சிக்னலைப் போட்டால் பார்க் லைட்டும் சேர்ந்து சிமிட்டும். ஹெட்லைட் மஞ்சளாய் அழுது வடியும்.

முதல் தடவை உண்மையிலேயே துரு இருந்தது. அதுதான் எங்களைக் கெடுத்தது. அரத்தாளால் தேய்த்து இறுக்கினோம், நல்லாயிருக்கு என்றார். சில மாதத்தில் மறுபடி மங்கல் என்றார். மறுபடி தேய்த்தோம். வயரை மாற்றினோம். இறக்குமதி நின்றிருந்த காலம், பல்ப் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிண்ணியாவில் ஓடாமல் கிடந்த காரொன்றிலிருந்து இரண்டைக் கழற்றித் தந்தார்கள். அதுவும் மங்கலாம். கடைசியில், கரை தெரியட்டும் என்று இரண்டு ஹெட்லைட்டையும் வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்தார். எதிரே வந்த லொறிக்காரர்கள் எங்கள் பரம்பரையையே ஏசினார்கள்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்று நான் பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ஒரு பின்னேரம், பொழுது மம்மலாகிற நேரம், துறைமுகப் பக்கத்துக் கிட்டங்கிச் சுவருக்கு நேரே காரை நிறுத்தி லைட்டைப் போட்டார். நான் பின்னால் நின்று பிறேக் லைட்டைப் பார்த்துவிட்டு, முன் மட்காட் பக்கம் வந்து நின்றேன். சுவரில் ஊர்ந்த எறும்பு தெரிந்தது. என் சேலைப் பூக்களை எண்ணலாம், அவ்வளவு வெளிச்சம்.

"இஞ்சாரும், எங்க போயிட்டீர்?" என்று சீற்றில் இருந்தபடி கூப்பிட்டார்.

"இஞ்ச, முன்னுக்குத்தானே நிக்கிறன்."

"எங்க?"

கையை ஆட்டினேன். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் குரல் வந்த பக்கம் தலையை முழுதாகத் திருப்பிய பிறகுதான் என்னைக் கண்டார். லைட்டில் ஒரு குறையும் இருக்கவில்லை. மங்கியது அவருடைய கண்.

"சுவர் வடிவாத் தெரியுது, நீர்தான் தெரியேல்லை" என்றார். பயந்துபோன குரல். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் பயந்து நான் கேட்டதில்லை.

கண் டொக்டர் நல்ல மனிதர். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றுவிட்டது என்றார். நேர்ப் பார்வை கடைசிவரை நிற்குமாம், ஓரத்துப் பார்வைதான் முதலில் போகுமாம். போனது இனி வராது. இருக்கிறதும் எத்தனை நாளோ சொல்ல ஏலாது. கார் ஓட்டவே கூடாது.

"தொடக்கத்திலேயே வந்திருந்தால் கண்ணுக்கு மருந்து விட்டு நிப்பாட்டியிருக்கலாம்" என்றார் டொக்டர். "இவ்வளவு காலமும் என்ன செய்தனீங்கள்?"

என் கணவர் கதிரையில் நிமிர்ந்து இருந்து, கேட்ட கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொன்னார்.

"லைட்டைத் திருத்தினனான், ஐயா."