அம்மாவின் முதுகு நடித்த படம்

என் அம்மா ஒரு சினிமாவில் கதாநாயகியாக நடித்திருக்கிறாள் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. முழு உண்மையைச் சொன்னால் நம்பிவிடுகிறார்கள். நடித்தது அம்மாவின் முதுகு மட்டும்தான். அதுவும் ஒரே ஒரு காட்சியில். ஆனாலும் அந்தப் படத்தில் அந்த முதுகைவிட நன்றாக நடித்த முகம் எதுவும் இல்லை என்பதே இன்றுவரை என் கட்சி.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் அஸ்தினாபுரம் பக்கம் புதிதாக எழும்பிய காலனி ஒன்றில் இருந்தோம். அப்பா தினமும் குரோம்பேட்டையில் ரயில் ஏறி ஆபீசுக்குப் போய்வருவார். காலனி இருந்த இடத்தில் சில வருஷங்களுக்கு முன்புவரை நெல் விளைந்துகொண்டிருந்தது. அஸ்திவாரம் தோண்டும்போது நண்டு வளை வந்தது என்று அப்பா ஏதோ புதையல் கிடைத்த மாதிரி சொல்லிக்கொண்டிருப்பார். அந்த வயல்களுக்குத் தண்ணீர் கொடுத்த ஏரி காலனிக்கு மேற்கே இருந்தது. வயல் போனபிறகு ஏரியால் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லாமல் போயிற்று. தண்ணீர் வரும் கால்வாயில் வீடு வந்தது, மதகின் வாயில் குப்பை வந்தது. எனக்கு விவரம் தெரிந்தபோது பெரிய பையன்கள் அங்கே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். விளையாட்டு மைதானத்தை எதற்காக எல்லாரும் ஏரி என்கிறார்கள் என்று நான் நெடுநாள் குழம்பியிருக்கிறேன்.

வயல்களை மனை போட்டு விற்றவர் கிணற்று வீட்டு மாமா. பழைய ஊரின் விவசாயக் குடும்பம். காலனியில் பாதிப் பத்திரங்களில் அவர் கையெழுத்து இருந்தது. வீட்டை ஒட்டிய சிறு தோப்பையும் அதன் நடுவில் இருந்த பெரிய பாசனக் கிணற்றையும் மட்டும் அவர் விற்கவில்லை. அம்மாவை அவர் தங்கச்சி என்பார். அம்மா அவரை அண்ணா என்பாள். எங்கள் புதுமனைப் புகுவிழாவுக்கு வாழை மரம் வெட்டிக்கொண்டுவந்து அவரே கட்டினார். அவர் புல்லட்டில் வந்தால் எங்கள் ஜன்னல் கண்ணாடி முதலில் தெரிந்துகொண்டு அதிரும்.

அந்தக் கோடையில் காலனிக் கிணறுகள் எல்லாம் கையை விரித்துவிட்டன. எங்கள் கிணற்றில் வாளியை இறக்கினால் பாறையில் இடிக்கும் சத்தம்தான் மேலே வந்தது. மாமாவின் கிணற்றில் மட்டும் தண்ணீர் இருந்தது. காலையில் அவர் மோட்டார் போடும்போது காலனிப் பெண்கள் குடங்களோடு போய்ப் பிடித்துவருவார்கள். குடிக்க, சமைக்க அதுதான். ஒருநாள் மாமா, மாசம் பிறந்ததும் கிணற்றுத் தண்ணீர் முழுவதும் லாரிக்காரர்களுக்குப் போகிறது, இனிமேல் குடத்தோடு யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பெண்கள் கூட்டமாகப் போய்க் கேட்டார்கள். அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். “வாக்கு குட்துட்டேன் தங்கச்சி. இப்போ இன்னா பண்ணச் சொல்றே?” என்று அத்தனை பேரை விட்டுவிட்டு மாமா அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார். அம்மாவுக்கு வாய் வரவில்லை. நாலு பேர் நடுவில் அம்மாவுக்கு எப்போதுமே வாய் வராது. ரேஷன் கடையில் எடை குறைந்தால்கூட வீட்டுக்கு வந்து எங்களிடம்தான் சண்டை போடுவாள்.

அம்மா தாராளமாக வாய் திறப்பது கதைகளைப் பற்றிப் பேசும்போதுதான். வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதைகளைக் கிழித்து, வாரவாரியாக அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, அட்டை போட்டு வைத்துக்கொள்வது அப்போது பல வீடுகளில் வழக்கம். அம்மா வைத்திருந்தவற்றில் ஒன்றை ‘ஏரிக் கதை’ என்போம். ஓர் ஊரில் அண்ணனும் தங்கையும். அண்ணன் ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தையெல்லாம் வீட்டு மனைகளாக விற்கிறான். ஏரி பாழாகிறது. ஊர் தண்ணீருக்குத் தவிக்கிறது. கடைசியில் தங்கை காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணன் வாசலில் போய் நிற்கிறாள். ஏரி என்றால் அலையடிக்கும், நிரம்பினால் கலங்கலில் வழியும், வழிந்தால் ஊரே கூடிப் பொங்கல் வைக்கும் என்பதெல்லாம் எனக்கு அந்தக் கதையைப் படித்துத்தான் தெரியும். என்ன எழுத்து அது! படித்து முடித்தபோது கிரிக்கெட் மைதானத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஆனால் அம்மாவின் பிரதியில் தங்கை வாசலில் போய் நிற்பதோடு கதை நின்றுவிடும். கடைசி அத்தியாயம் வந்த இதழை எதிர்வீட்டு மாமி இரவல் வாங்கிப்போனார். அது மார்கழி மாதம். கதையின் பின்பக்கத்தில் கோலம் போட்டிருந்தது. மாமி கோலத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டார். கதை எப்படி முடிந்தது என்று கேட்டதற்கு, “பாதிதான் படிச்சேன், ஆனா கோலம் அமர்க்களமா வந்துது” என்றார். அதனால் அந்தத் தங்கை அண்ணனிடம் என்ன சொன்னாள் என்பது எங்கள் வீட்டில் தீராத வழக்கு. நான் கேட்கும்போதெல்லாம் அம்மா ஒவ்வொரு முடிவு சொல்வாள். உண்மையான முடிவு அவளுக்குத் தெரியும், நான் பெரியவளானதும் சொல்ல வைத்திருக்கிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

மாசம் பிறக்கச் சில நாட்களே இருந்தபோது சினிமாக்காரர்கள் வந்தார்கள். அதே ஏரிக் கதையைத்தான் படமாக எடுக்க வந்திருந்தார்கள். டைரக்டர் அரசாங்க உத்தியோகத்தில் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு, மனைவியின் நகைகளை அடகு வைத்துவிட்டு வந்திருந்த இளைஞர். பாட்டு, சண்டை எதுவும் கிடையாது என்று அவர் சொன்னதும் காலனியில் பாதிப் பேர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். எத்தனையோ ஊர் சுற்றி எங்கள் ஏரியைத்தான் தேர்ந்தெடுத்தாராம். இவ்வளவு அழகாகச் செத்துப்போன ஏரி வேறு எங்கும் கிடைக்கவில்லை என்றார். காலனிச் சங்கத் தலைவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார்.

குடத்தோடு தவிக்கும் கிராமத்துப் பெண்களாக நடிக்க அவர் பழைய ஊர்ப் பெண்களைத்தான் கேட்டார். அவர்கள் ஒரேயடியாக மறுத்துவிட்டார்கள். “எங்களப் பாத்தா தண்ணிக்கு அலையறவங்க மாரியா கீது?” என்று கிணற்று வீட்டு மாமி பட்டுப்புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே கேட்டாராம். ஆகவே கிராமத்துப் பெண்களாகக் காலனிப் பெண்கள் நடிப்பது என்று ஆயிற்று. பிளாஸ்டிக் குடம் கூடாது என்றதால் ஊர்ப் பெண்கள்தான் பரணிலிருந்து பித்தளைக் குடங்களையும் பழைய நூல் புடவைகளையும் எடுத்துக் கொடுத்தார்கள். கொடுத்ததோடு விடாமல், கொசுவத்தை எப்படித் தூக்கிச் செருகுவது, குடத்தை இடுப்பில் எப்படி உட்கார்த்துவது என்று பாடமும் எடுத்தார்கள். டீச்சர் வேலை பார்த்த ஓர் அக்காவுக்குக் குடம் நழுவிக்கொண்டே இருந்தது. “இடுப்பே இல்லியேம்மா உனுக்கு, எங்க வெச்சிகினு வந்தே?” என்று ஊர் மாமி ஒருத்தர் கேட்க, இரண்டு பக்கமும் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

நிலத்தை விற்கும் அண்ணனாகக் கிணற்று வீட்டு மாமாவையே டைரக்டர் போட்டார். மீசை இருந்தது, வீடு இருந்தது, வாடகை இல்லை. மாமாவுக்கு ஒரே ஒரு வசனம். “எம் மண்ணு, நான் விக்கிறேன். கேக்குறதுக்கு நீ யாரு?” அதை அவர் டீக்கடையில் சொல்லிப் பார்த்தார், புல்லட்டில் போகும்போது சொல்லிப் பார்த்தார், மாட்டுக்குத் தீவனம் வைக்கும்போதும் சொல்லிப் பார்த்தார். நாங்கள் பிள்ளைகள் ரப்பருக்கும் பென்சிலுக்கும் சண்டை போடும்போது அதே வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டோம்.

வாசல் காட்சி எடுக்கவேண்டிய நாளன்று தங்கையாக நடிக்கவந்த நாடக நடிகைக்கு மெட்ராஸ் ஐ. இரண்டு கண்ணும் தக்காளிப் பழமாக இருந்தன. காமிரா வாடகை ஓடிக்கொண்டிருந்தது. முதலில் நடிக்கப் பெண்களைக் கேட்டு டைரக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் பைண்டு புத்தகத்தைப் பார்த்திருந்தார். அன்றைக்கு அம்மா அவரிடமே, “அந்தப் பொண்ணு கத்த மாட்டா சார். அவ சுபாவம் அது இல்ல” என்று வாதாடியிருந்தாள். அந்த ஞாபகத்தில் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, தங்கையாக நிற்க அம்மாவைக் கேட்டார்.

அம்மாவின் முகம் தெரியக்கூடாது என்றார் அப்பா. முதுகு மட்டும்தான் என்றார் டைரக்டர். அம்மா, எனக்கு வசனமெல்லாம் வராது என்றாள். “வசனமே வேண்டாம் மேடம். குரல் பின்னாடி டப்பிங்ல வேற ஒருத்தங்க பேசிடுவாங்க. நீங்க மனசுல தோணுறதைப் பேசிட்டு நில்லுங்க. காமிரா அவர் முகத்தைத்தான் பார்க்குது” என்று அவர் கைகூப்பாத குறையாகக் கேட்டார். இதற்குள் வெளியே வெள்ளிக் காகிதம் ஒட்டிய பலகையைப் பிடித்துக்கொண்டு இருவர் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார்கள். அம்மா குடத்தை எடுத்துக்கொண்டாள்.

மாமா வாசல் படியில் நின்றார். அம்மா கீழே, எங்களுக்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் காலனிப் பெண்கள், அவர்களுக்கும் பின்னால் வேடிக்கை பார்க்கும் ஊர்ப் பெண்கள். நான் காமிராவின் பக்கத்தில் இருந்தேன். ஆக்‌ஷன் என்றதும் அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பிறகு, வீட்டில் எங்களிடம் பேசும் அதே குரலில் பேச ஆரம்பித்தாள்.

“அண்ணா, வித்தது நீங்க, வாங்கினது நாங்க. ஏரிக்கு வேலை இல்லாம பண்ணினது நாம ரெண்டு பேரும்தான். அதைப் பத்திக் கேக்க எனக்கு வாய் இல்ல. ஆனா இந்தக் கிணத்துல ஊறுறது அந்த ஏரித் தண்ணி. பத்திரத்துல நாலு பக்கமும் எல்லை எழுதினாங்க. கீழே எதுவரைக்கும் உங்களுதுன்னு யாரும் எழுதலையே அண்ணா. எல்லாத்தையும் வித்துக்கோங்க. குடிக்கிற குடத்தை மட்டும் விட்டுடுங்க.”

இப்போது மாமா தன் வசனத்தைச் சொல்லவேண்டும். அவர் வாயைத் திறந்தார். மூடினார். அம்மாவைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார், தன் வீட்டுப் படியையே புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இத்தனை நாள் மாட்டுக்கெல்லாம் சொன்ன வசனம் இப்போது மறந்துவிட்டதே என்று எனக்குத் தாங்கவில்லை. “எம் மண்ணு, நான் விக்கிறேன்!” என்று அடி எடுத்துக் கொடுத்தேன். யாரோ என் வாயைப் பொத்தினார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டு, “வெயில்ல நிக்காத தங்கச்சி. உள்ள வா” என்றார்.

டைரக்டர் கட் சொல்லவே மறந்துவிட்டார். சொன்னதும் எல்லாரும் கை தட்டினார்கள். பின்னால் நின்ற ஊர்ப் பெண்களும் தட்டினார்கள். கிணற்று வீட்டு மாமி மட்டும் பட்டுத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் மெட்ராஸ் ஐ ஒட்டிக்கொண்டது என்று நினைத்து நான் தள்ளி நின்றேன்.

மாசம் பிறந்தது. லாரி வந்தது. “பொம்பளைங்க புடிச்சுகினு போனப்புறம் வா. அதுவரிக்கும் ஓரமா நில்லு” என்று மாமா டிரைவரிடம் சொல்லிவிட்டார். அந்தக் கோடை முழுவதும் லாரி ஓரமாகத்தான் நின்றது. சினிமாவில் நடித்த சந்தோஷத்தில் மாமா மனசு இளகிவிட்டது என்று நான் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன்.

படம் தியேட்டருக்கு வரவில்லை. நெடுநாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் டி.வி.யில் வந்தது. சங்கத்து ஹாலில் எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். ஒருகாலத்தில் நெல் நட்ட இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வயலில் வீடு கட்டுகிறவர்களை எங்கள் காலனியே வாய்க்கு வந்தபடி திட்டியது. ஆனால் அருமையான படம். காய்ந்த ஏரியைக் காமிரா மெல்லச் சுற்றிவந்தபோது ஹாலில் ஒரு குழந்தைகூட அழவில்லை. வாசல் காட்சி வந்தது. அம்மாவின் முதுகிலிருந்து வேறொரு பெண்ணின் குரல், “துரோகி!” என்று கத்தியது. மாமா தலையைக் குனிந்தார். “அம்மா பேசினதை மாத்திட்டாங்க! கதையில அப்படி இல்ல!” என்று நான் அழுது ஆகாத்தியம் பண்ணினேன். தொலைந்துபோன கடைசி அத்தியாயத்தைத்தான் அம்மா அன்றைக்கு ஒப்பித்தாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தொண்ணூறுகளில் வேலைக்குப் போகத் தொடங்கியபின், தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் பழைய புத்தகக்காரரிடம் ஏரிக் கதை முழுப் புத்தகமாகக் கிடைத்தது. அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். தங்கை ஒன்றும் பேசவில்லை. காலிக் குடத்தை அண்ணன் வாசலில் இறக்கி வைத்துவிட்டு, ஊரை விட்டே போய்விடுகிறாள். பத்திரம் இல்லை, நாலு பக்க எல்லை இல்லை, எதுவும் இல்லை. இரண்டு மூன்று தடவை புரட்டிப் பார்த்தேன். ரேஷன் கடையில் வாய் திறக்காத என் அம்மா, ஒரே ஒரு தடவை ஊர் நடுவில் தன் சொந்த வாயால் பேசியிருக்கிறாள். நான் அதைப் படித்து ஒப்பித்தது என்று நினைத்துவிட்டேன். அந்த வார்த்தைகள் புத்தகத்திலும் இல்லை, படத்திலும் இல்லை. நின்று கேட்ட எங்களிடம் மட்டும்தான் இருக்கின்றன. பேரம் பேசாமல் புத்தகத்தை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனதும் புத்தகத்தை அம்மாவின் மடியில் வைத்தேன். அவள் பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஈரக் கையோடு புத்தகத்தைத் தொடாமல், “கடைசியில அவ என்னதான்டி சொல்றா?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் சொல்லலம்மா. பேசாம போயிடறா.”

அம்மாவின் கை நின்றது.

“அடடா,” என்றாள். “நான் பேசிட்டேனே.”